4610-இல் முதலில் நின்றது யார்?

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புலோத் மலையிலிருந்து இறங்கி வந்தான். இரண்டு நாள் தாடி. கிழிந்த கையுறை. நேராகச் சமையல் கூடாரத்துக்குப் போய் இரண்டு கிண்ணம் ஷூர்போ சூப் குடித்தான். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"4610. நேத்து மதியம் ஏறிட்டேன்."

நான் மாவு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன். எதிரே ஜெபோ தேநீர்க் கிண்ணத்தை வாய்க்கருகே கொண்டுபோயிருந்தாள். குடிக்கவில்லை. கீழே வைக்கவும் இல்லை.

"தனியாவா?" என்றாள்.

"தனியாத்தான். கூட வர்றவங்க பேசிட்டே வருவாங்க. எனக்குப் பிடிக்காது."

அதற்கு மேல் அரை மணி நேரம் அவனே பேசினான்.

என் பெயர் ஷோத்மோன். மூன்று கழுதைகள் வைத்திருக்கிறேன். சாலையிலிருந்து மலையேற்ற முகாமுக்கு மாவு, மண்ணெண்ணெய், நகரத்துக்காரர்களின் மூட்டைகள் எல்லாம் என் கழுதைகள் மேல்தான் வரும். மவ்ஜூதா அக்காவுக்கு உதவியாளன் என்று யாரும் என்னை நியமிக்கவில்லை. ஏதாவது காணாமல் போனால் அவர் தேடி நடப்பார். நான் கூடவே நடப்பேன். வாயை மூடிக்கொண்டு நடக்கச் சொல்வார். அது மட்டும் என்னால் முடிவதில்லை.

அக்கா இருபத்தைந்து வருடம் பஞ்சகெந்த் காவல் நிலையத்தில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு கோடையில் எங்கள் முகாமின் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். அன்று கயிறுகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஜெபோ உள்ளே வந்து ஒரு கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்தாள்.

"அது முப்பத்தி நாலாவது. எந்திரி," என்றார் அக்கா.

ஜெபோ எழுந்து முப்பத்தைந்தாவதின் மேல் உட்கார்ந்தாள்.

அவள் கதை முகாமில் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது கோடையாக வரைபடக் கூடாரத்தில் இருக்கிறாள். எந்தச் சிகரத்துக்கு எந்த ஏரிக்கரையில் இரவு தங்க வேண்டும், எந்தப் பனி ஓடையில் விடிவதற்குள் ஏற வேண்டும், எங்கே கல் உருளும், எல்லாம் அவள் வரைந்து கொடுப்பாள். மற்றவர்கள் ஏறுவார்கள். குழுவுக்குத் தலைமை தாங்கி அவளை யாரும் அனுப்பியதில்லை. ஜூன் மாதம் முகாம் தலைவர் நுஸ்ரத்துல்லோ, நாங்கள் ரயீஸ் என்று கூப்பிடுகிறவர், வாய் தவறி ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார். யாரும் ஏறாத சிகரம் ஒன்றுக்கு நீ வழி கண்டுபிடித்தால், நீயே தலைமை தாங்கிப் போ.

அவள் 4610-ஐத் தேர்ந்தெடுத்தாள். அதற்குப் பெயர் கிடையாது. உயரம்தான் பெயர். வெள்ளிக்கிழமை புறப்படுவதாக இருந்தாள். திங்கட்கிழமை முகாமை மூடுகிறார்கள்.

"யாரும் ஏறாததுன்னு ரயீஸ் சொன்னாரு. இப்ப ஏறிட்டாங்க. அந்த வாக்கு போச்சு," என்றாள் ஜெபோ.

"திருட்டுன்னு சொல்றியா?"

"தெரியலக்கா. ஞாயித்துக்கிழமை நான் வழி போட்டு வெச்ச படம் மெத்தைக்கடியில திரும்பிக் கிடந்துச்சு. நான் முகம் கீழே இருக்கிற மாதிரிதான் வெப்பேன். மேலே பார்த்துட்டு இருந்துச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"ஷோத்மோன் அண்ணனோட கழுதை கூடாரத்துல மூக்கை நுழைக்கும். அதுன்னு நினைச்சேன்."

"என் கழுதைக்கு மலை ஏறுற ஆசையெல்லாம் இல்ல. அடிச்சாத்தான் ஏறும்," என்றேன்.

"புலோத்தைச் சந்தேகப்படவும் முடியல. நான் போட்ட வழி வலப்பக்கப் பனி ஓடை. அவன் ஏறினது இடப்பக்கம். திருடினவன் என் வழியிலதானே போயிருக்கணும்?"

அக்கா முப்பத்தாறாவது கயிற்றை எண்ணாமல் விட்டார்.

"ரயீஸ் தலைநகரத்துக்கு எப்ப சொல்றாரு?"

"நாலு மணிக்கு. ரேடியோவுல."

"சொல்லிட்டா?"

"பதிவாயிடும். அப்புறம் நான் அடுத்த கோடையும் மேசையிலதான்."

மணி பத்தே முக்கால். அக்கா கிடங்கைப் பூட்டினார்.

வரைபடக் கூடாரத்தில் நுஸ்ரத்துல்லோ ரேடியோவில் பேச வேண்டியதைச் சத்தமாகப் பழகிக்கொண்டிருந்தார். "நமது முகாமின் வீர மைந்தன்," என்று தொடங்கினார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். புலோத் பக்கத்தில் உட்கார்ந்து பாதாம் உடைத்துக்கொண்டிருந்தான். அவன் முகாமுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

"தனியாப் போனது தப்பு. அதுக்குத் திட்டி முடிச்சிட்டேன். இப்ப பெருமைப்பட்டுக்கிட்டு இருக்கேன்," என்றார் தலைவர்.

"சாட்சி?" என்றார் அக்கா.

ஒருமுறை ஏறிய எல்லா உச்சியிலும் ஒரு கற்குவியல் இருக்கும். அதற்குள் ஒரு தகர டப்பா. முன்னால் ஏறியவர்கள் தேதி போட்டு எழுதிய காகிதம் அதில் இருக்கும். அடுத்து ஏறுபவர் அதை எடுத்துக்கொண்டு, தன் காகிதத்தை வைத்துவிட்டு இறங்க வேண்டும். எடுத்து வந்த காகிதம்தான் சாட்சி. யாரும் ஏறாத உச்சியில் எடுத்து வர ஒன்றும் இருக்காது.

"எனக்கு நானே சாட்சி," என்றான் புலோத். "படம் போட்டிருக்கேன், பாருங்க."

மெல்லிய தாள். பென்சில் கோடு. சியாகுல் ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரியே இரட்டைப் பல் மலை. வலது பல் 4610. இடது பல் 4580. கீழிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே உயரமாகத்தான் தெரியும். தாளில் ஒரு கோடு இடப்பக்கமாக ஏறியது. ஏழு வளைவு. மூன்று இடங்களில் ஓய்வெடுத்ததற்கு வட்டம். இரண்டு பற்களுக்கும் நடுவே உள்ள பள்ளத்துக்கு வந்து, கடைசி வளைவில் வலது பல்லுக்குத் திரும்பியது.

வானத்தில் இரண்டு பறவைகள். வயிற்றோடு வயிறு ஒட்டியபடி.

"இது என்ன?" என்றேன்.

"கழுகு. உச்சிக்கு மேலே வட்டம் போட்டுச்சு."

"ரெண்டா?"

"ரெண்டு."

"ஒண்ணு மல்லாக்கப் பறக்குதே."

புலோத் யோசித்தான். "ஜோடி," என்றான்.

"அப்ப நாம பார்க்கிறது தப்பு," என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஷோத்மோன், போய்க் கழுதையைப் பாரு," என்றார் தலைவர்.

அக்கா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசி வளைவின் பக்கத்தில் விரலால் தடவினார். அங்கே தாள் கொஞ்சம் நைந்திருந்தது.

"ரப்பர் போட்டிருக்கே."

"கை நடுங்குச்சு. குளிர்."

"இடப்பக்கம் வழியே கிடையாதுன்னு ஜெபோ சொல்றா."

"அது கூடாரத்துல உட்கார்ந்து சொல்றது. நான் அங்கே நின்னு சொல்றேன்."

"சரி. இந்தத் தாள் எனக்குக் கொஞ்ச நேரம் வேணும், ரயீஸ்."

"நாலு மணிக்குள்ள வந்துடணும். வீர மைந்தன்கிற பகுதிக்கு அப்புறம் அதைத்தான் படிக்கணும்."

ஏரிக்கு இருபது நிமிட நடை. என் கழுதை ஒன்றும் பின்னாலேயே வந்தது. அக்கா பையிலிருந்து குருத் உருண்டை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். காய்ந்த தயிர். கல் மாதிரி இருக்கும். அது கரைந்து முடிவதற்குள் ஒரு வழக்கு முடிந்துவிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. காவல் நிலையத்தில் ஒருமுறை ஆறு உருண்டை தேவைப்பட்டதாம். அது ஒரு கொலை.

"நீ மிருகம் பட்சியெல்லாம் பார்த்து வளர்ந்தவன். இது என்ன பறவை?"

தாளை வாங்கிப் பார்த்தேன். தலை உருண்டை. கழுத்து குட்டை. அலகு பட்டை.

"மேலே இருக்கிறது வாத்து."

"கீழே இருக்கிறது?"

"அதுவும் வாத்து."

"நாலாயிரத்து அறுநூறு மீட்டருக்கு மேலே வாத்துக்கு என்ன வேலை?"

"அதையும் வீர மைந்தன்கிட்டேதான் கேக்கணும்."

சியாகுல் அசையாமல் கிடந்தது. மதியத்துக்கு முன்னால் அங்கே காற்று எழாது. எதிரே இரட்டைப் பல் வெயிலில் வெள்ளையாக எரிந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க முடிந்தது.

"ஜெபோ எங்கே நின்னு படம் எடுப்பா?"

"இந்தத் தட்டைப் பாறையிலதான். கேமரா சுமந்து வந்தது நான்தானே. அதோட கால் மூணையும் விரிச்சு வெச்சு, அது மூக்கைக் கீழே சாய்ச்சுக்குவா."

"கீழேயா? மலை மேலே இருக்கு."

"மலையை எடுக்க மாட்டா அக்கா. வெயில்ல எடுத்தா பனி வெறும் வெள்ளையாப் போயிடும். ஒரு மடிப்பும் தெரியாது. தண்ணிக்குள்ள தெரியுற மலை கொஞ்சம் கறுத்திருக்கும். ஓடை, விளிம்பு எல்லாம் பளிச்சுன்னு விழும். அதனால ஏரியைத்தான் எடுப்பா. தலைகீழா இருக்கிற படத்துலேயே கோடு போட்டுக்குவா. பழகிடுச்சு."

அக்கா குருத் சப்புவதை நிறுத்தினார்.

"இதை நீ ஏன் காலையிலேயே சொல்லல?"

"கழுதையைப் பத்தித்தானே பேசிட்டு இருந்தோம்."

"திரும்பி நில்லு. ஏரிக்கு முதுகைக் காட்டு."

நின்றேன்.

"குனி."

"என்னக்கா?"

"குனிஞ்சு காலுக்கு நடுவுல பாரு. என் வயசுக்கு நான் குனிஞ்சா நீதான் தூக்கிட்டுப் போகணும்."

குனிந்தேன். தொப்பி விழுந்தது. என் கழுதை தலையைத் தூக்கி, இத்தனை வருடப் பழக்கத்தில் பார்க்காத ஒன்றைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தது.

"என்ன தெரியுது?"

"ரத்தமெல்லாம் தலைக்கு ஏறுது."

"ஏரியில என்ன தெரியுது?"

தண்ணீருக்குள் இருந்த மலை இப்போது நேராக நின்றது. இரட்டைப் பல். பனி ஓடை ஒவ்வொரு மடிப்போடும் தெளிவாகத் தெரிந்தது. இடப்பக்கம்.

"ஓடை இடப்பக்கம் இருக்கு அக்கா."

"நிமிர்ந்து திரும்பிப் பாரு."

நிமிர்ந்து திரும்பினேன். கொஞ்சம் தள்ளாடினேன். உண்மையான மலையில் ஓடை வலப்பக்கம் இருந்தது.

அப்போது கரையோரமாக ஒரு வாத்து நீந்திப் போனது. தண்ணீரில் அதன் பிம்பமும் கூடவே போனது. நான் சொல்லாமலே மறுபடி குனிந்தேன். மலை உச்சிக்கு மேலே, வானத்தில், இரண்டு வாத்துகள் வயிற்றோடு வயிறு ஒட்டிப் பறந்தன.

"அவனோட கழுகு," என்றார் அக்கா.

மதிய ரொட்டிக்குப் பிறகு ஜெபோவின் கூடாரத்துக்குப் போனோம். மெத்தைக்கடியிலிருந்து அவள் படத்தை எடுத்தாள். தலைகீழ் மலை. சிவப்பு மையில் வழி. ஓரத்தில் கரையோரக் கற்கள், ஒரு வாத்து, தண்ணீரில் அதன் பிம்பம்.

அக்கா அதை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தார். புலோத்தின் தாளை மேலே போட்டார். கூடாரத் துணியில் வெயில் விழும் இடத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. மூன்று வட்டங்களும் உட்கார்ந்தன. வாத்தின் மேல் கழுகு உட்கார்ந்தது.

ஜெபோ அந்தப் பறவைமேல் விரலை வைத்தாள்.

"தலைகீழா இருக்கேன்னு திருப்பி வெச்சிருக்கான்," என்றாள். "திருப்பினா இடம் வலம் மாறிடும்னு தோணல. இத்தனைக்கும் எதிர்லயே மலை நிக்குது."

"காகிதத்தை நம்புறவன் மலையை ஏன் பார்க்கிறான்?" என்றேன்.

"ஆனா அண்ணே, அந்த இடப்பக்கத்துல ஓடையே இல்ல. கல்லு கொட்டுற பிளவு. ஆடு கூட ஏறாது. அதுல எப்படிப் போனான்?"

"காகிதத்துல இருந்துச்சே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அக்கா சிரிக்கவில்லை. தாளின் ஏழாவது வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றரை மணிக்கு வரைபடக் கூடாரத்தில் தலைவர் புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். ரேடியோவுக்கு எதற்குப் புதுச் சட்டை என்று கேட்க நினைத்தேன். அக்கா என் காலை மிதித்தார்.

படத்தையும் தாளையும் சேர்த்துக் காட்டினார். தலைவர் தலையைச் சாய்த்தார். பிறகு படத்தை விட்டுவிட்டுத் தானே மேசையைச் சுற்றி மறுபக்கம் போய் நின்று பார்த்தார்.

"வாத்தா?"

"வாத்துதான், ரயீஸ்," என்றேன்.

"அதைக் கழுகுன்னு எழுதி வெச்சிருக்கேனே. தலைநகரத்துல எல்லாரும் கேப்பாங்களே."

புலோத் பாதாம் உடைப்பதை நிறுத்தியிருந்தான். காது சிவந்திருந்தது.

"சரி. பார்த்தேன்," என்றான். "மெத்தைக்கடியில இருந்ததைப் பார்த்து வரைஞ்சேன். தப்புதான். அதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க. ஆனா ஏறினது என் காலு. அவ போட்ட வழியில கூட ஏறல. இடப்பக்கம் ஏறினேன். முதல்ல நின்னவன் முதல்ல நின்னவன்தான்."

தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அவன் சொல்றது சரி. யாரோட படத்தைப் பார்த்துப் போனாங்கன்னு இதுல கேள்வியே இல்ல. யார் முதல்ல நின்னாங்கன்னுதான் கேக்குது." ஜெபோவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னார். "நான் என்னம்மா பண்றது."

ஜெபோ தன் படத்தைச் சுருட்டத் தொடங்கினாள். அதைச் சுருட்ட ஒரு விநாடி போதும். அவள் மெதுவாகச் சுருட்டினாள்.

மூன்று ஐம்பது. தலைவர் ரேடியோவைப் போட்டார். அது சூடாக நேரம் எடுக்கும். இரைந்தது.

"தம்பி," என்றார் அக்கா. "ஏழு வளைவுல ஆறு அவளோடது. ஏழாவது மட்டும் உன் சொந்தக் கற்பனை. ஏன்?"

"என்ன ஏழாவது?"

"அவ படத்தைத் திருப்பிப் போட்டா, கடைசி வளைவு இடது பல்லுக்குப் போகுது. நீயும் முதல்ல அப்படித்தான் வரைஞ்சே. அப்புறம் ரப்பர் போட்டு வலது பல்லுக்குத் திருப்பியிருக்கே. காகிதத்தை நம்பி ஆடு ஏறாத பிளவுல ஏறினவன், கடைசி வளைவுல மட்டும் காகிதத்தை நம்பாமப் போவானா?"

புலோத் பாதாம் ஓடுகளை ஒரு பக்கமாகத் தள்ளினான்.

"நீ இடது பல்லுலதான் ஏறினே. 4580. ஏறி நின்னு பார்த்தா எதிர்ல இருக்கிற பல்லு உன்னைவிட உசரம். அப்பத்தான் தெரிஞ்சிருக்கும்."

"இதெல்லாம் யூகம்."

"யூகம்தான்," என்றார் அக்கா. வாயில் இருந்த இரண்டாவது குருத்தை விழுங்கினார். "4580-ல முன்னாடியே ஏறியிருக்காங்க. டப்பா இருந்திருக்கும். காகிதம் இருந்திருக்கும். அதைக் கிழிச்சுக் காத்துல விட்டுட்டே. அவ்வளவுதானே? எத்தனை துண்டா கிழிச்சே?"

புலோத் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"உச்சிக் காகிதத்தை யாராவது கிழிப்பாங்களா? என்னை யாருன்னு நினைச்சீங்க? எங்கப்பா கைபிடிச்சு மலை ஏறக் கத்துக்கொடுத்தது அதுக்கா?"

தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு மெதுவாகத்தான் எட்டியது. எட்டியதும் உட்கார்ந்தான்.

"மெத்தைக்கடியில திருடலாம். அதுல குத்தமில்ல," என்றேன்.

"அது வேற, இது வேற," என்றான் புலோத். உண்மையாகவே அப்படி நம்பினான்.

தொப்பியைக் கழற்றினான். உள்மடிப்பைப் பிரித்தான். நான்காக மடித்த பழுப்புக் காகிதத்தை மேசையில் வைத்தான். ஓரம் கூட மடங்காமல் வைத்திருந்தான்.

தலைவர் படித்தார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொண்ணு, ஆகஸ்டு ஒன்பது. 4580, இடது பல். சமர்கந்த் பள்ளி ஆசிரியர்கள் நாலு பேர், பின்பக்கத்திலிருந்து ஏறினோம். எதிர் பல்லில் ஏற நேரமில்லை. ஆசையோடு பார்த்துவிட்டு இறங்குகிறோம். அடுத்து வருகிறவருக்கு இரண்டு மிட்டாய் வைத்திருக்கிறோம்."

"மிட்டாய் எங்கே?" என்றார் அக்கா.

"சாப்பிட்டேன்."

"இருபத்தாறு வருஷ மிட்டாயையா?"

"எனக்குன்னுதானே எழுதியிருக்கு."

அக்கா காகிதத்தை வாங்கி மறுபடி படித்தார்.

நான்கு மணி. ரேடியோவில் ஒரு பெண் குரல் எங்கள் முகாமைக் கூப்பிட்டது. தலைவர் ஒலிவாங்கியை எடுத்தார். தன் காகிதத்தைப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்தார்.

"வானிலை நல்லா இருக்கு. எல்லாரும் சௌக்கியம். விசேஷம் ஒண்ணுமில்ல," என்றார். அணைத்துவிட்டு ஜெபோவிடம் திரும்பினார். "4610-ல இன்னும் யாரும் ஏறல."

"ஆமா," என்றாள் ஜெபோ.

"என் வாக்கு அப்படியே இருக்கு. ஆனா தனியா அனுப்ப மாட்டேன். ஒருத்தனைத் திட்டி இன்னும் தொண்டை ஆறல. எல்லாக் குழுவும் மேலே போயிருக்கு. ஞாயித்துக்கிழமைதான் இறங்குவாங்க. உன் கயித்துல இன்னொரு முனைக்கு ஆள் யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் முட்டியைத் தொட்டுக் காட்டினேன். குனிந்ததில் அது இன்னும் வலித்தது.

ஜெபோ புலோத்தைப் பார்த்தாள். நிதானமாக, ஒரு மலையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அந்தப் பிளவுல கல்லு விழலையா?"

"விழுந்துச்சு. நாள் பூரா."

"திரும்பி வந்துடலாம்னு தோணலையா?"

"படத்துல மூணாவது வட்டத்துல ஓய்வுன்னு போட்டிருந்துச்சு. அது வரைக்கும் போயிட்டா உட்காரலாம்னு நினைச்சேன்." தொப்பியைக் கையில் சுழற்றினான். "உட்கார அங்கே இடமே இல்ல."

"என் படத்தைத் தலைகீழா வெச்சே இவ்வளவு நம்பியிருக்கான்," என்றாள் ஜெபோ. "நேரா வெச்சா இன்னும் நம்புவான். இவன் வரட்டும், ரயீஸ்."

"திருடனா?" என்றார் தலைவர்.

"கயிறு அறுக்க மாட்டான். காகிதத்தையே கிழிக்காதவன்."

தலைவர் பயணப் படிவத்தை மேசையில் வைத்தார். சிகரம், வழி, திரும்ப வேண்டிய நேரம். கடைசியில் குழுத் தலைவர் என்று ஒரு கட்டம். முந்நூறு படிவம் நிரப்பிய கை அவளுடையது. அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. தன் பெயரை எழுதினாள். முதல் எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. வேறு படிவம் தரட்டுமா என்றார் தலைவர். வேண்டாம் என்றாள்.

புலோத் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தான். வாசலில் நின்று இரட்டைப் பல்லைப் பார்த்தான். ஒரு கையைத் தூக்கினான். பிறகு அதை இறக்கிவிட்டு மற்றக் கையைத் தூக்கினான்.

"எந்தப் பக்கமா போறோம்?"

"நீ எந்தப் பக்கமும் பார்க்க வேண்டாம்," என்றாள் ஜெபோ. "என் முதுகைப் பார்த்துக்கிட்டே வா."